கோபம் பலமா என்று கேட்டவருக்கு

கோபம் ஒரு மனிதருக்குப் பலம் தருமா என்பது உங்கள் கேள்வியின் முதல் வரி. உண்மையான கேள்வி கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகள் ஊதிய உயர்வு இல்லாமல், அடுத்தவர் வேலையையும் சேர்த்துச் செய்து, பொறுமையாக இருந்திருக்கிறீர்கள். கடந்த மார்ச்சில் ஒரு கூட்டத்தில் டைரியைப் பிரித்து, எந்த ஆண்டு யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று குரலை உயர்த்திப் படித்தீர்கள். மே மாதச் சம்பளத்தில் உயர்வு வந்துவிட்டது. இப்போது அலுவலகத்தில் எல்லோரும் உங்களிடம் பார்த்துப் பேசுகிறார்கள். ‘இத்தனை நாள் இந்தக் கோபத்தை ஏன் அடக்கிவைத்தேன்?’ என்று கேட்கிறீர்கள். பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, ‘வீட்டிலும் இப்போது அப்படித்தான் இருக்கிறேன். எட்டு வயது மகள் மட்டும் என் குரல் உயர்ந்தால் அறைக்குள் போய்விடுகிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே பதில் கேட்கிறீர்கள். என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன.

நான் மருத்துவ உளவியலாளர். 21 ஆண்டுகளாக இந்த வேலை; முதல் ஒன்பது ஆண்டுகள் அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில், பிறகு சொந்தமாக. கோபம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பிறர் வற்புறுத்தி அனுப்பியவர்கள். தாமாக வருகிறவர்கள் கோபம் என்று சொல்வதில்லை. தலைவலி, தூக்கமின்மை, நெஞ்செரிச்சல் என்று சொல்வார்கள். பதினைந்து வரிகளை வைத்து உங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. ஆனால் நீங்கள் எழுதியதில் சில இடங்கள் எனக்கு மிகவும் பழக்கமானவை.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். கோபம் நோய் இல்லை, குணக்கேடும் இல்லை. பயமும் துக்கமும் நம்மைப் பின்னுக்கு இழுக்கின்றன; கோபம் முன்னே தள்ளுகிறது. விரும்பத்தகாத உணர்ச்சிகள் என்று நாம் ஒரே பட்டியலில் வைப்பவற்றுள் இது தனி ரகம். எடி ஹார்மன்-ஜோன்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் மூளையின் மின்னலைகளை அளந்து, கோபம் கொண்டவரின் நெற்றிப் பகுதியில் இடப்பக்கம் கூடுதலாக இயங்குவதைக் காட்டினார்கள். ஆசைப்பட்டு ஒன்றை நோக்கிப் போகும்போதும் அதே பக்கம்தான் கூடுதலாக இயங்கும். ஜெனிஃபர் லெர்னரும் டாக்கர் கெல்ட்னரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. பயந்தவர்கள் ஆபத்தைப் பெரிதாகக் கணித்தார்கள். கோபம் கொண்டவர்கள் அதைச் சிறிதாகக் கணித்தார்கள்.

மார்ச் மாதக் கூட்டத்தில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அதே மேலாளர், அதே அறை, வேலை போய்விடக்கூடிய அதே ஆபத்து. எதுவும் மாறவில்லை, ஆபத்தைப் பற்றிய உங்கள் கணிப்பு மாறிவிட்டது. ஆறு ஆண்டுகள் மலையாகத் தெரிந்தது அந்த அரை மணி நேரத்துக்கு மேடாகத் தெரிந்தது. அதைப் பலம் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது கைமாற்றாக வாங்கிய துணிச்சல். அதே கைமாற்றை வாங்கி, வீட்டுக்கடன் தவணை இன்னும் பதினான்கு ஆண்டுகள் மீதியிருக்கும்போது, ஒரு புதன்கிழமை மதியம் ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் எறிந்துவிட்டு வந்தவரும் என்னிடம் வந்திருக்கிறார். ‘அந்த நிமிடம் எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை’ என்றார். உங்களுக்குக் கைகொடுத்ததும் அவரைக் கவிழ்த்ததும் ஒரே கணிப்புப் பிழை. ‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்று நம் ஊரில் சொல்வது புத்தி குறைந்துவிடுவதை அல்ல, ஆபத்தைச் சிறிதாகக் காட்டும் இந்தக் கண்ணாடியைத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் சந்தேகத்தோடு சொல்ல வேண்டியதும் உண்டு. ‘கோபம் சாதிக்கவைக்கும்’ என்று காணொளிகளில் முழங்குகிறவர்கள் 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். கோபமூட்டப்பட்ட மாணவர்கள், எழுத்துகளை மாற்றியடுக்கிச் சொல் கண்டுபிடிக்கும் கடினமான புதிர்களை மற்றவர்களைவிட அதிகமாக விடுவித்தார்கள் என்பது அதில் ஒரு முடிவு. அதே ஆய்வில் கோபம் கொண்டவர்கள் பரிசுக்காக ஏமாற்றவும் செய்தார்கள் என்பதைக் காணொளிக்காரர்கள் சொல்வதில்லை. புதிரை விடுவிப்பதிலிருந்து வாழ்க்கையை நடத்துவதற்கு வெகுதூரம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டவை. மாமியாரும் மைத்துனரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் வீட்டுக்கு அவற்றை அப்படியே தூக்கிவந்து பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு.

இதற்கு நேர்மாறாக, மிக உறுதியாகத் தெரிந்த ஒன்றை மக்கள் நம்ப மறுக்கிறார்கள். கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் குறையும் என்பது தவறு. 1895இல் வியன்னாவில் பிராய்டும் பிராய்யரும் எழுதியதிலிருந்து கிளம்பிய எண்ணம் இது. நம் வீடுகளில் குக்கர் உவமையாக வாழ்கிறது. விசில் விட்டால் அழுத்தம் இறங்கும், விடாவிட்டால் வெடிக்கும் என்பார்கள். பிராட் புஷ்மன் 2002இல் 600 மாணவர்களை வைத்துச் சோதித்தார். முதலில் அவர்களுடைய கட்டுரையை யாரோ கேவலமாகத் திட்டியதுபோல் காட்டிக் கோபமூட்டினார். ஒரு பிரிவினர் திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியாக எண்ணிக் குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். திட்டியவரை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக மிஞ்சியது; சும்மா இருந்தவர்களே பிறகு மிகக் குறைவாகச் சீண்டினார்கள். 2024இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே திசைதான்: உடலின் படபடப்பைக் குறைக்கும் செயல்கள் கோபத்தைக் குறைத்தன, படபடப்பைக் கூட்டுபவை பொதுவாகக் குறைக்கவில்லை. செந்தமிழும் நாப்பழக்கம் என்றால் கோபமும் நாப்பழக்கம்தான். நீங்கள் இரண்டு மூன்று மாதங்களாகப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த இடத்தில் யாராவது ஔவையையும் பாரதியையும் மோதவிடுவார்கள். ஒருவர் ‘ஆறுவது சினம்’ என்றார், மற்றவர் ‘ரௌத்திரம் பழகு’ என்றார், எதைக் கேட்பது? எனக்கு இதில் பெரிய சண்டை தெரியவில்லை. பழகு என்பது, வாய்ப்பாட்டையோ வீணையையோ பழகச் சொல்கிறவர் சொல்லும் சொல். எப்போது, எந்த அளவு, யாரிடம் என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் கேள்விக்கு இருவரையும்விட நேராகப் பதில் சொல்வது வள்ளுவர்தான்.

செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கினென் காவாக்கால் என்

கோபம் பலிக்கக்கூடிய இடத்தில் அதைக் காப்பவன்தான் காப்பவன். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்கிறார். செல்லிடம் என்ற இந்த ஒரு சொல்லை நான் ஆலோசனை அறையில் நூறு தடவையாவது பயன்படுத்தியிருப்பேன். மேலாளரிடம் உங்கள் கோபம் இயல்பாகச் செல்லாது. மார்ச் மாதத்தில் அதைச் செலுத்தினீர்கள். மகளிடம் அது தடையில்லாமல் செல்லும். மேட்டில் ஏறிய தண்ணீரும் பள்ளத்தில் பாய்ந்த தண்ணீரும் ஒரே தண்ணீர்தான், ஆனால் ஏற்றியதற்குத்தான் உழைப்பு வேண்டியிருந்தது. என் அனுபவத்தில் ஒருவருடைய கோபம் அவருக்குப் பலமாகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் கிடைத்ததில்லை. தன்னைவிட வலியவரிடம் போகிறதா, எளியவரிடம் போகிறதா? பின்னதை நான் பலம் என்று சொல்ல மாட்டேன், எவ்வளவு சுகமாக இருந்தாலும்.

ஆனால் அடுத்த குறளோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ‘செல்லா இடத்துச் சினந்தீது’ என்கிறார். மெலியவன் வலியவனிடம் கோபப்பட்டால் அவனுக்குத்தான் கேடு என்பது உரை. தனியாள் விஷயத்தில் பெரும்பாலும் உண்மை. நானே அப்படித்தான் எச்சரிப்பேன். 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததைப் பார்த்தபிறகு இதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. அங்கே தேயிலை பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். பல தலைமுறைகளுக்கு முன் இங்கிருந்து மலையேறியவர்களின் வழிவந்தவர்கள். அந்த ஆண்டு போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நாட்கூலி 232 ரூபாய். அதை 500 ஆக்கக் கேட்டார்கள். தொழிற்சங்கங்கள் தங்களைக் கைவிட்டுவிட்டன என்ற கோபத்தில், சங்கத் தலைவர்களை அருகில் விடாமல், ஆயிரக்கணக்கான பெண்கள் தாங்களாகவே நகரத்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் அமைப்புக்குப் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர் வந்தது. ஒன்பது நாட்களில் 20 சதவீதம் கிடைத்தது, 8.33 சதவீதம் போனஸாகவும் மீதி கருணைத்தொகையாகவும். அடுத்த மாதம் நாட்கூலி 301 ஆனது.

கோபம் செல்லாத இடம், கூடி உட்கார்ந்ததால் செல்லிடம் ஆயிற்று. கோபம் இல்லாவிட்டால் அவர்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மலையிறங்கியிருக்க மாட்டார்கள். கேட்டது 500, கிடைத்தது 301 என்பதையும் மறக்க வேண்டாம். அந்த அமைப்பு பிற்பாடு பூசலில் உடைந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கோபம் அவர்களைச் சாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. சந்தா வசூலிப்பது, கூட்டம் நடத்துவது, கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்ப்பது போன்ற அலுப்பான வேலைகளுக்கு அது உதவவில்லை. என்னிடம் வருகிறவர்களிடமும் இதையே பார்க்கிறேன்.

ஒருவரை மட்டும் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. இரண்டு ஆண்டுகளாகப் பிடரி வலி. எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று என்னிடம் அனுப்பினார்கள். கோபமே வராது என்றார். மூன்றாவது சந்திப்பில், அண்ணன்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னார். அப்பாவின் நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். தமிழகத்தில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் வந்த சட்டத் திருத்தங்கள் மகளுக்கும் பங்கு உண்டு என்று சொல்லிவிட்டன. ஆனாலும் கல்யாணத்துக்குச் செலவழித்தோமே, சீர் செய்தோமே என்று சொல்லி இன்றும் இந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. ‘இதற்குக் கோபம் என்று பெயர் வைக்கலாமா?’ என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘வைத்தால் தப்பில்லையா?’ என்றார்.

அவர் யாரிடமும் கத்தவில்லை. அண்ணன் பத்திரத்தோடு வந்தபோது, ‘படித்துப் பார்க்க எனக்கு ஒரு மாதம் வேண்டும்’ என்று மட்டும் சொன்னார். வாழ்நாளில் அண்ணனிடம் அவர் சொன்ன முதல் மறுப்பு அதுதான். கடைசியில் சட்டப்படி வரவேண்டியதைவிடக் குறைவாக ஒரு பங்கை ஒப்புக்கொண்டார். பிடரி வலி முழுதும் போகவில்லை, குறைந்தது. ஊர்க் கொடைக்கு இப்போது அண்ணன் வீட்டிலிருந்து அழைப்பு வருவதில்லை. கோபத்தால் பலம் பெற்றவர் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியவர் அவர்தான். அந்தப் பலத்துக்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி, உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். அவர்கள் உங்கள் குரலுக்குப் பயந்து உயர்வு தந்தார்கள் என்று நினைக்கிறீர்கள். எனக்கு வேறொரு சந்தேகம். விக்டோரியா பிரெஸ்காலும் எரிக் உல்மனும் 2008இல் செய்த ஆய்வில், வேலையிடத்தில் கோபப்பட்ட ஆணுக்கு மதிப்புக் கூடியது. அதே கோபத்தைக் காட்டிய பெண்ணுக்கு மதிப்புக் குறைந்தது. அவளுக்குத் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதை இதற்கும் பொருந்துகிறது. ஆனால் கோபத்துக்கான காரணம் வெளியில் இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தபோது பெண்ணுக்கு விழுந்த அந்த அடி குறைந்தது. நீங்கள் டைரியைப் படித்தீர்கள். தேதி, பெயர், வாக்குறுதி எல்லாம் அதில் இருந்தன. டைரி இல்லாமல் அதே குரலில் அதே அறையில் பேசியிருந்தால், ‘அந்த அம்மாவுக்கு இன்றைக்கு என்னவோ’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஆறு ஆண்டுகள் அந்த டைரியை எழுதியது உங்கள் கோபம் இல்லை, உங்கள் பொறுமை. அதை இவ்வளவு சீக்கிரம் குறைத்துப் பேசாதீர்கள். அடுத்த முறை அதே டைரியைச் சாதாரணக் குரலில் படித்துப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. பலிக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

வீட்டு விஷயத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு வாரம், கோபம் வந்த ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எத்தனை மணி, யாரிடம், சாப்பிட்டிருந்தீர்களா, அந்த நேரத்தில் என்ன மாற வேண்டும் என்று விரும்பினீர்கள். என்னிடம் எழுதிக் கொண்டுவருகிறவர்களின் நோட்டில் மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரைதான் பக்கங்கள் நிறைந்திருக்கும். நான்காவது கேள்விக்குப் பதில் இருந்தால் அந்தக் கோபத்துக்கு வேலை இருக்கிறது. கணவரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய வேலையாகவே அது பெரும்பாலும் இருக்கும். பதில் இல்லையென்றால் அது வேறெங்கோ கிளம்பி உங்கள் வீட்டில் இறங்கிய கோபம். அதை ஆறவிடுங்கள், மெதுவாக மூச்சை விடுவதும் கொஞ்ச நேரம் தனியே உட்கார்வதும் நான் மேலே சொன்ன ஆய்வுகளின்படியே உதவுகின்றன. வேகமாக ஓடுவது உதவும் என்று நானும் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2024இல் வந்த தொகுப்பைப் படித்தபிறகு நிறுத்திவிட்டேன்; ஓட்டம் நெஞ்சுக்கு நல்லது, கோபத்துக்கு அவ்வளவாக இல்லை.

நெஞ்சு என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடுங்கோபத்துக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்று 1995இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆரோக்கியமானவருக்கு அந்த வாய்ப்பு முதலிலேயே மிகச் சிறியது என்பதால் இரண்டு மடங்கும் சிறியதுதான். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் கணக்கு வேறு.

நான் சொன்னவை பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. வீட்டில் அடி உதை இருந்தால், கோபத்தைக் காட்டி எழுந்து நில் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எதிர்த்து நிற்கும் நேரமே சில பெண்களுக்கு மிக ஆபத்தான நேரமாகிவிடுகிறது. அங்கே முதலில் பாதுகாப்பு; 181 என்ற எண்ணில் உதவி கிடைக்கும். வாரக்கணக்கில் தூக்கம் குறைந்து எரிச்சல் மட்டும் ஏறிக்கொண்டே போனால், அது கோபமாக இல்லாமல் மனச்சோர்வாகவோ தைராய்டாகவோ மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றமாகவோ இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் ஒரு மருத்துவரும் வேண்டும். நீங்கள் தூக்கத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை, அதனால் இதைக் கேட்டுவைக்கிறேன்.

மகளைப் பற்றி. எட்டு வயதுக் குழந்தை, அம்மா கோபமாக இருந்தால் தான் ஏதோ செய்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைக்கும். அவளிடம் மன்னிப்புக் கேட்டால் பிடி நழுவிவிடும் என்று பயப்படாதீர்கள். அவள் அறைக்குள் போகும்போது கதவைத் தட்டாமல், கோபம் ஆறிய பிறகு, படுக்கப்போகும் நேரத்தில், ‘அம்மா கத்தியது உன்னால் இல்லை’ என்று சொல்லுங்கள். ஏன் கத்தினீர்கள் என்று கேட்டால், அலுவலகத்தில் டைரி படித்த கதையையும் சொல்லலாம், அவளுக்குப் பிடிக்கும். அவள் என்ன சொன்னாள் என்பதை முடிந்தால் எழுதுங்கள்.